ஒன்பதாம் இலக்கக் கருவி

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாயாண்டி என்ற சாரதி, தேயிலைப் பெட்டிகளோடு லொறியைப் பள்ளத்தில் விட்டுச் செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் சாரதிகளின் வசதியைப் பற்றிக் கம்பனி யோசிக்கத் தொடங்கியது.

லொறியைத் தூக்கிப் பார்த்தவர்கள், பிரேக் தேய்ந்து வெறும் இரும்பு தெரிகிறது என்றார்கள். மாயாண்டியும் உயிரோடு இருந்தவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவ்வளவு சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிட, கொழும்பிலிருந்த கம்பனிக்கு மனமில்லை. நீண்ட விசாரணை நடந்தது. தீர்ப்பு இப்படி அமைந்தது: சாரதி பிரேக்கை மிதித்திருக்கிறார். மிதித்ததன் விளைவு என்ன என்பது சாரதிக்கு உரிய முறையில் அறிவிக்கப்படவில்லை. ஆகவே விபத்துக்குக் காரணம் சாரதிக்கும் வாகனத்துக்கும் இடையே நிலவிய தகவல் குறைபாடு.

மாயாண்டியின் மனைவி பேச்சியம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினார்கள்.

"தெரியாமயா செத்தாரு?" என்று அவள் கேட்டாள்.

அது தீர்ப்பில் சேர்க்கப்படவில்லை.

அந்த வருடம், அதாவது அறுபத்திரண்டில், 'சாரதி - கருவி உறவு மேம்பாட்டுக் கமிட்டி' அமைக்கப்பட்டது. தலைவர் ஆர்மிடேஜ் துரை. கொழும்புத் தலைமையகக் கந்தோரில் மூத்த அதிகாரி. அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஆனால் இலங்கைக்கு வந்த நாள்முதல் காரின் பின்ஸீட்டில் உட்கார்ந்து சாரதிகளை அவதானித்து வந்தவர் என்பதால், அவரைவிடத் தகுதியானவர் யாரும் கிடைக்கவில்லை. செயலாளர் கணேசமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் கேட்பவருக்குப் பிடித்த மாதிரி மொழிபெயர்க்கக்கூடியவர்.

மாதிரி வாகனமாக, டிக்கோயாவுக்கு மேலே பாறைத் தோட்டத்து லொறியைத் தெரிவுசெய்தார்கள். அதன் சாரதி வீரய்யாதான் கம்பனியின் எல்லாத் தோட்டங்களிலும் அதிகமாக முறைப்பாடு செய்தவர். இத்தனைக்கும் அவருடைய முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான். அதை வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் சொல்லிவந்தார்.

பிரேக் பிடிக்காத அந்த லொறி இத்தனை நாள் எப்படி நின்றுகொண்டிருந்தது என்று கேட்கலாம். முத்துலிங்கத்தால் நின்றது. முத்துலிங்கம் லொறியின் கிளீனர், வீரய்யாவின் மனைவி நாகலெட்சுமிக்குத் தம்பி. இடதுபக்கப் படியில் தொங்கிக்கொண்டு வருவான். கையில் சவுக்குமரத்தில் செதுக்கிய ஒரு முட்டுக்கட்டை. இறக்கத்தில் வீரய்யா கியரைக் குறைத்துக் குறைத்து லொறியை நடை வேகத்துக்குக் கொண்டுவருவார். எஞ்சின் சத்தம் மாறுவதைக் கேட்டதும் முத்துலிங்கம் குதித்து, கூடவே ஓடி, பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போடுவான். லொறி ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும். யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. வருடக்கணக்காக இப்படியே நடந்துவந்தது.

கமிட்டி வந்த அன்று, ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் காலைப் பெரட்டு கலைந்ததும், வீரய்யாவைப் பெரட்டுக்களத்துக்கு வரச்சொன்னார்கள். அங்கே ஒரு நாற்காலி கிடந்தது. அதன் முன்னால் மூன்று செங்கற்கள். கையில் ஒரு பீங்கான் தட்டைக் கொடுத்தார்கள்.

"வீரய்யா, நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும்" என்றார் கணேசமூர்த்தி. "இது ஸ்டியரிங். கீழை இருக்கிறது பெடல். இப்ப நீர் ஒரு பள்ளத்திலை இறங்கிறீர் எண்டு வையும்."

"லொறி அந்தா நிக்குதுங்களே அய்யா. அதுலயே எறங்கிக் காட்டுறனே."

கணேசமூர்த்தி இதை ஆங்கிலத்தில் சொன்னார். ஆர்மிடேஜ் துரை அன்பாகச் சிரித்தார். லொறியில் சாரதியை ஆராய்வது ஆராய்பவருக்கு ஆபத்து என்று விளக்கினார்.

வீரய்யா தட்டைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். கொழுந்துக் கூடைகளோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். கங்காணி விரட்டியும் போகவில்லை. "பிரேக்" என்று துரை கத்தினார். வீரய்யா நடுச் செங்கல்லை மிதித்தார். செங்கல் அசையவில்லை. லொறியில் மிதித்தால் கால் அடிப்பலகைவரைக்கும் போய்விடும்.

"என்ன மாதிரி இருக்குது?"

"கெட்டியா இருக்குங்க. இந்த மாதிரி இருந்தா போதுங்க அய்யா."

புதிய கருவியில் சாரதி முழுத் திருப்தி தெரிவிக்கிறார் என்று ஆங்கிலத்தில் பதிவாயிற்று.

வீரய்யா தட்டை மடியில் வைத்துவிட்டுத் தன் முறைப்பாட்டைச் சொன்னார். "தொரைகிட்ட ஒண்ணு சொல்லுங்க. லொறியில பிரேக் புடிக்கலீங்க. மத்ததெல்லாம் அது அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது."

ஆர்மிடேஜ் துரை இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. வீரய்யாவின் தோளில் கைவைத்து, பொறுமையாக, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, மொழிபெயர்க்க நேரம் விட்டுப் பேசினார்.

"நண்பரே, பிரேக் எங்கே இருக்கிறது? சக்கரத்துக்குள் இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டும்போது பார்க்க முடியுமா? முடியாது. நீங்கள் பார்ப்பது உங்கள் முன்னாலுள்ள பலகையை. தொடுவது பெடலை. கேட்பது சத்தத்தை. சாரதிக்கு லொறி என்பது இவ்வளவுதான். சாரதி பார்க்காத ஒன்றைச் சரிசெய்து சாரதிக்கு என்ன நன்மை? இந்தக் கமிட்டி பிரேக்குக்காக அமைக்கப்படவில்லை. உங்களுக்காக அமைக்கப்பட்டது."

வீரய்யா, தனக்காக ஒரு கமிட்டி அமைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டுக் கும்பிட்டார். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

வேலை தொடங்கியது. லொறி, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் நிறுத்தப்பட்டது. கொழும்பிலிருந்து தச்சர் வந்தார், மின்சார வேலைக்காரர் வந்தார், வர்ணம் பூசுகிறவர் வந்தார். சக்கரத்தைக் கழற்றத் தெரிந்தவர் மட்டும் வரவில்லை. சாரதியின் முன்னாலிருந்த பழைய தகரப் பலகையைப் பிடுங்கிவிட்டுத் தேக்கில் ஒரு பலகை போட்டார்கள். பங்களாவில் பியானோ இருந்த இடத்தில் அதை வைத்தாலும் பொருந்தும்.

முதல் பிரச்சினை விளக்கு. சாரதி பிரேக்கை மிதித்ததும், அவர் மிதித்துவிட்டார் என்பதை அவருக்கே தெரிவிக்கும் விளக்கு. சிவப்பாக இருக்கவேண்டும் என்றார் ஆர்மிடேஜ் துரை. பிரேக் மிதிப்பது நல்ல காரியம், நல்ல காரியத்துக்குச் சிவப்பு எப்படி என்று, கூட்டத்திலிருந்த தோட்ட நிர்வாகி, தோட்டத்துத் துரை, கேட்டார். அப்படியானால் பச்சை. பச்சை என்றால் 'போ' என்று அர்த்தமாகிவிடாதா? ஒரு பகல் முழுக்கப் பேசி, கடைசியில் நீலம் என்று முடிவானது. நீலம் எந்த அபிப்பிராயமும் சொல்லாத நிறம் என்று கணேசமூர்த்தி எழுதியதை ஆர்மிடேஜ் துரை மிகவும் ரசித்தார்.

அடுத்தது கைப்பிடிகளின் வரிசை. வீரய்யா இத்தனை காலம் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் ஹோர்ன் வலப்பக்கம் இருக்கும், விளக்கு இடப்பக்கம் இருக்கும். ஆங்கில எழுத்து வரிசைப்படி அவற்றை மாற்றி அடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில், ஒரே உருவத்தில் வெள்ளைக் குமிழ் போட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. குமிழ்களின் கீழே ஆங்கிலத்தில் பெயர் எழுதினார்கள். அரசாங்கச் சட்டத்தை மதித்து அதன்கீழ் சிங்களத்திலும் எழுதினார்கள். வீரய்யாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். வேறு தெரியாது.

"அய்யா, தமிழ்ல?" என்று கேட்டார்.

"பலகையிலை இடம் காணாமல் போச்சுது வீரய்யா. அடுத்த கட்டத்திலை பாப்பம்."

பழைய பலகையில் ஒட்டியிருந்த கதிர்காமத்து முருகன் படத்தால் ஒரு கூட்டம் நீண்டது. ஒவ்வொரு வளைவிலும் சாரதி இதைப் பார்க்கிறார் என்று ஆர்மிடேஜ் துரை கண்டுபிடித்திருந்தார். பார்க்கிறார் என்றால் அதிலிருந்து ஏதோ தகவல் கிடைக்கிறது. என்ன தகவல் என்று வீரய்யாவைக் கேட்டார்கள்.

"தகவல் ஒண்ணும் இல்லீங்க. கும்புட்டுக்கிறது."

"கும்பிட்டால் லொறி என்ன செய்யும்?"

"அது பாட்டுக்குப் போவும்க."

அசையும் பாகம் இல்லை, தேய்மானம் இல்லை, பராமரிப்புத் தேவையில்லை என்பதால் படம் எட்டாம் இலக்கக் கருவியாகப் பதிவாயிற்று. பலகையிலுள்ள கருவிகளில் இதுவே மிக நம்பகமானது என்று தலைவர் குறிப்பு எழுதினார்.

அப்புறம்தான் முத்துலிங்கம் அவர்கள் கண்ணில் பட்டான்.

கட்டையோடு படியில் நிற்கிற இவன் யார் என்று துரை கேட்டார். கிளீனர் என்றார்கள். கட்டை எதற்கு என்று கேட்டார். சொன்னார்கள். ஆர்மிடேஜ் துரையின் முகம் மாறியது. வாகனத்தை நிறுத்துகிற ஒரு கருவி இதுவரை எந்தப் பதிவிலும் வராமல், யாருடைய அனுமதியும் இல்லாமல், தன் இஷ்டப்படி இயங்கிவந்திருக்கிறது! சாரதியின் கட்டுப்பாட்டுக்கு வெளியே!

"அவன் எப்போது குதிப்பான் என்பதை யார் தீர்மானிக்கிறார்?"

"அவனேதாங்க."

"அப்படியென்றால் லொறியை ஓட்டுவது யார்? நீங்களா, அவனா?"

வீரய்யா யோசித்துப் பார்த்தார். "ரெண்டு பேருந்தாங்க" என்றார்.

அதுதான் குழப்பத்தின் வேர் என்று துரை சொன்னார். முத்துலிங்கத்தை முறைப்படுத்தத் தீர்மானித்தார்கள். பலகையில் ஒன்பதாவதாக ஒரு வெள்ளைக் குமிழ் வந்தது. இழுத்தால் படியின் மேலே மணி அடிக்கும். மணி அடித்தால் முத்துலிங்கம் குதிக்கவேண்டும். அடிக்காமல் குதிக்கக்கூடாது. குதித்தால் அது கருவிப் பழுது, உடனே மாற்றிவிடுவார்கள். தொழிலாளர் பெயர்ப் பதிவான செக்ரோலிலிருந்து அவன் பெயரை எடுத்து லொறியின் கருவிகளோடு சேர்த்தார்கள். ஒரே பொருள் இரண்டு இடத்தில் பதிவாகக்கூடாதாம். காக்கிச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்து, முதுகில் ஒன்பது என்று எழுதினார்கள். முதுகில் இடம் தாராளமாக இருந்ததால், ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் கீழே தமிழும் வந்தது: 'நிறுத்தும் கருவி.'

அன்று மாலை முத்துலிங்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு லயத்திலிருந்த அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தான்.

"என்னாடா முதுகுல?" என்றாள் நாகலெட்சுமி.

"பதவி குடுத்திருக்காங்கக்கா."

அவள் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "மச்சானுக்கு என்னா எழுதிக் குடுத்தாங்க?"

"மச்சானுக்கு ஒண்ணும் இல்ல. மச்சான் சாரதி."

வீரய்யா மணைப்பலகையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். வலது கால் தரையை மிதித்து மிதித்து எடுத்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். எங்கே உட்கார்ந்தாலும் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி அதைப் பார்த்தாள். முன்பெல்லாம் வீரய்யாவுக்கு இறக்கத்தில் பயம் வரும். இப்போது அதுவும் இல்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல, பயத்தை அவர் இடைக்கிடை தொட்டுப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை.

வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பெரட்டுக்களத்தில் தோரணம் கட்டினார்கள். லொறிக்கு மாலை போட்டார்கள். ஆர்மிடேஜ் துரை மேடையேறிப் பேசினார்.

"இந்த நாட்டில் சாரதி என்பவன் இதுவரை இருட்டில் ஓட்டினான். இன்று அவன் முன் ஒன்பது கருவிகள் ஒழுங்காக நிற்கின்றன. வாகனம் அவனோடு பேசுகிறது. என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. இனி எங்கள் சாரதிகளுக்கு எது நேர்ந்தாலும், அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துதான் நேரும் என்று நான் உறுதியளிக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். தோட்டத்துத் துரை, தலைவர் லொறியிலேயே ஏறிப் பயணம் செய்தால் சாரதிக்குப் பெருமையாக இருக்கும் என்றார். அவதானிப்பவர் அவதானிக்கப்படும் பொருளுக்குள் இருக்கக்கூடாது என்று ஆர்மிடேஜ் துரை மறுத்தார். காரில் வருவதாக முடிவானது. காரை லொறிக்கு முன்னால் விடுவதா பின்னால் விடுவதா என்று பேச்சு வந்தபோது, கமிட்டி முழுவதும் ஒரே குரலில் பின்னால் என்றது. கமிட்டி ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லொறி அட்டன் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டது. தோட்டத்து றோட்டில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பெரிய றோட்டுக்கு இறங்குகிற செங்குத்தில், கோயில் வளைவுக்கு முன்னால், வீரய்யா கியரைக் குறைத்தார். பிரேக்கை மிதித்தார். கால் அடிப்பலகைவரைக்கும் போனது. நீல விளக்கு அழகாக எரிந்தது.

எஞ்சின் சத்தம் மாறியதை முத்துலிங்கம் கேட்டான். கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியிலிருந்து எடுத்தான். மணி அடிக்கவில்லை. எடுத்த காலைத் திரும்பப் படியில் வைத்தான்.

வீரய்யா ஒன்பதாம் இலக்கக் குமிழைத் தேடினார். எல்லாக் குமிழும் வெள்ளை, எல்லாம் ஒரே உருண்டை. ஒன்றை இழுத்தார், ஹோர்ன் அடித்தது. இன்னொன்றை இழுத்தார், முன்விளக்கு எரிந்தது. இன்னொன்று, கண்ணாடி துடைக்கிற தடி வெயிலில் இங்குமங்கும் ஆடியது. "குதிடா மாப்ள!" என்று கத்தினார். ஹோர்ன் சத்தத்தில் அது வெளியே கேட்கவில்லை. லொறி வேகமெடுத்தது. அடுத்த குமிழை இழுத்தபோது மணி அடித்தது.

முத்துலிங்கம் குதித்தான். வழக்கமாக லொறி நடக்கும்போது குதிப்பவன், லொறி ஓடும்போது குதித்தான். விழுந்து எழுந்து ஓடி, கட்டையைச் சக்கரத்துக்குள் கொடுத்தான். கட்டை நின்றது. வலது கையை எடுக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. லொறி திரும்பி மண்திட்டில் முகத்தை மோதி நின்றது. பெட்டிகள் சரிந்து தேயிலைத்தூள் காற்றில் பறந்தது.

கார் வந்து நின்றது. ஆர்மிடேஜ் துரை இறங்கி நேராக லொறியின் முன்பக்கம் போனார். வீரய்யாவின் கால் இன்னும் பெடல்மேல் இருந்தது. நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கு எரிகிறது!" என்றார் துரை. "மணி அடித்ததா?"

"அடிச்சுதுங்க" என்றார் வீரய்யா. தன் குரல் வேறு யாருடையதோபோல அவருக்குக் கேட்டது.

"சாரதிக்குத் தகவல் கிடைத்திருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்ததல்லவா?"

"தெரிஞ்சுதுங்க."

துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கணேசமூர்த்தி படமெடுக்கும் பெட்டியை எடுத்துவரக் காருக்கு ஓடினார். ஓடும் வழியில்தான் சக்கரத்தடியில் முத்துலிங்கம் கிடப்பதைப் பார்த்தார். கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். பிறகு, கீழே பார்க்காமல், சுற்றிக்கொண்டு போனார்.

கமிட்டியின் காரில் ஸீட்டெல்லாம் புதுத் துணி. அந்த நேரம் அட்டனில் லொறிச் சாமான் கடை வைத்திருந்த நஸார் முதலாளி, டிக்கோயாவிலிருந்து தன் வான் வண்டியில் வந்தார். கூட்டத்தைக் கண்டு நிறுத்தினார். யாரிடமும் எதுவும் கேட்காமல் வீரய்யாவும் அவருமாகக் கட்டையைத் தள்ளி, முத்துலிங்கத்தைத் தூக்கி, வானுக்குள் டயர்களுக்கு நடுவே கிடத்தினார்கள். நஸார் தன் சாரத்துக்கு மேலே கட்டியிருந்த துவாய்த் துண்டை அவிழ்த்து முத்துலிங்கத்தின் கையைச் சுற்றினார். வானைத் திருப்பி டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள்.

கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களை டொக்டர் எடுத்துவிட்டார்.

கமிட்டியின் அறிக்கை வெகு சீக்கிரம் வந்தது. ஒன்று முதல் எட்டுவரை எல்லாக் கருவிகளும் எதிர்பார்த்தபடி இயங்கின. ஒன்பதாம் இலக்கக் கருவி பகுதியளவில் சேதமடைந்தது.

வீரய்யாவும் நாகலெட்சுமியும் தோட்டத்துக் கந்தோருக்குப் போனார்கள். முத்துலிங்கம் வேலைக்கு வரமுடியாத காலத்துக்கு உள்ள சலுகையைக் கேட்பதற்காக. கணேசமூர்த்தி அங்கே உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் உட்கார வாங்கு போடச் சொன்னார்.

"நான் கதைச்சுப் பாத்தனான்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆனா அவன்ரை பேர் செக்ரோலிலை இல்லை. அந்தச் சலுகை தொழிலாளிக்குத்தான். கருவிக்கு எண்டால் பழுதுபாக்கிறது மட்டுந்தான். அது ஆஸ்பத்திரியிலை பாத்தாச்சுது."

"என் தம்பி லொறியாங்கய்யா?" என்றாள் நாகலெட்சுமி.

"முழு லொறி இல்லை அம்மா. ஒரு பகுதி."

அவள் அவரையே பார்த்தாள். கணேசமூர்த்தி மேசைமேலிருந்த மைக்கூட்டைத் தள்ளி வைத்தார், பிறகு பழைய இடத்திலேயே வைத்தார்.

"திரும்பச் செக்ரோல்ல போட்டுடுங்க" என்றார் வீரய்யா.

"புதுசா ஆள் சேக்கிற மாதிரித்தான் சேக்கவேணும். புது ஆளுக்கு ரெண்டு கையும் இருக்கவேணும் எண்டு சட்டம்."

வீரய்யாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. காத்திருந்தார். வரவில்லை. "சரிங்க" என்று எழுந்தார். நாகலெட்சுமிதான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்து எழுப்பவேண்டியிருந்தது.

மோதிய லொறி இனி உதவாது என்று கம்பனி அதை விலைக்குப் போட்டது. நஸார் முதலாளி வாங்கினார். எடுத்துப்போக வந்த அன்று, சாமான்களைச் சரிபார்த்து ஒப்படைக்கக் கந்தோரிலிருந்து கிளாக்கர் வந்தார். ஸ்டியரிங் இருக்கிறது, பெடல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, முருகன் படம் இருக்கிறது.

"ஒம்பதாவது சாமான் எங்க?" என்று நஸார் கேட்டார்.

"நாந்தாங்க மொதலாளி" என்றான் முத்துலிங்கம். கட்டுப்போட்ட கையோடு, அந்தக் காக்கிச் சட்டையோடு, லொறியின் படிக்குப் பக்கத்தில் நின்றான். லொறி போனால் அவனுக்குக் காம்பராவும் இல்லை. வாகனத்தின் பகுதிகள் தொழிலாளர் லயத்தில் தங்கமுடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நஸார் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் வேறு பக்கம் பார்த்தார்.

"அல்லாவே" என்றார் நஸார். பிறகு முத்துலிங்கத்திடம், "சட்டையக் கழட்டுங்க தம்பி. குளிருக்கு என்ட கோட்டப் போட்டுக்கங்க. முன்னுக்கு ஏறுங்க, படியில வேணாம்" என்றார்.

முத்துலிங்கம் முதல் தடவையாக அந்த லொறியின் ஸீட்டில் உட்கார்ந்து தோட்டத்தைவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீரய்யா அட்டனுக்கு மச்சினனைப் பார்க்கப் போனார். கடை வாசலில் பழைய லொறி நின்றது. முத்துலிங்கம் உள்ளே நட்டும் போல்ட்டும் தரம்பிரித்துக்கொண்டிருந்தான். இடது கையால்.

"ஏறி ஓட்டிப் பாருங்களே" என்றார் நஸார். "பிரேக்குக்குப் புதுசு போட்டாச்சு. அர நாள் வேல."

வீரய்யா கடைத்தெரு இறக்கத்தில் ஓட்டிப்போய் மிதித்தார். லொறி நின்றது. மறுபடி ஓட்டி மறுபடி மிதித்தார். நின்றது. திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை நஸாரிடம் கொடுத்தார்.

"எப்பிடி?"

"நிக்குதுங்க" என்றார். தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்தார். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். நாகலெட்சுமியிடம் தம்பி நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னார்.

மழைக்காலம் ஓய்ந்தபின் தோட்டத்துக்கு வேறு லொறி வந்தது. கம்பனியின் இன்னொரு தோட்டத்தில் கழித்துப்போட்டதை எடுத்துப் பச்சை வர்ணம் பூசியிருந்தார்கள். உள்ளே புதுப் பலகை. வெள்ளோட்டத்தின் வெற்றியால் விளக்கை இருமடங்கு பெரிதாக்கியிருந்தார்கள். மறுபடி தோரணம், மறுபடி மேடை. கமிட்டியும் வந்துவிட்டது.

"இதுல பிரேக்குங்க?" என்று வீரய்யா கணேசமூர்த்தியிடம் கேட்டார்.

"அதுக்கு வேறை கமிட்டி போடப்போகினமாம்." குரலைத் தாழ்த்தினார். "வீரய்யா, ஒன்பதாம் இலக்கம் காலியாக் கிடக்குது. உமக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ? உங்கடை குடும்பத்துக்கு அனுபவம் இருக்குது எண்டு துரை சொல்லுறார்."

வீரய்யா லொறியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். பிரேக்கை மிதித்தார். பெரிய நீல விளக்கு எரிந்து அவர் முகத்தில் பட்டது.

"எரிகிறதா?" என்று மேடையிலிருந்து ஆர்மிடேஜ் துரை கேட்டார்.

"எரியுதுங்க."

"அப்படியென்றால் புறப்படலாம்."

வீரய்யா உட்கார்ந்திருந்தார். மறுக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. காலை எடுக்கச் சொன்னார், கால் எடுக்கவில்லை. அவ்வளவுதான். தோட்டத்துத் துரை வந்து கத்தினார். கங்காணி வந்து தோளை உலுக்கினார். வீரய்யா முன்னால் தெரிந்த றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஸ்டியரிங்கில், கால் பெடலில்.

ஆர்மிடேஜ் துரை மேடையிலிருந்து இறங்கி, லொறியைச் சுற்றிவந்தார். நாற்புறமும் பார்த்தார். லொறி ஓர் அங்குலமும் நகரவில்லை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"கனவான்களே, கவனியுங்கள்! சாரதி பிரேக்கை மிதித்தார். விளக்கு எரிந்தது. வாகனம் நிற்கிறது. முழுமையாக நிற்கிறது! ஒன்பதாம் கருவியின் உதவிகூட இல்லாமல்!"

கைதட்டினார்கள். கணேசமூர்த்தி படமெடுத்தார். வீரய்யாவின் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. கம்பனியின் வரலாற்றில் ஒரு லொறி இவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை என்று துரை சொன்னார். எல்லாத் தோட்டங்களுக்கும் இதே பலகையைப் போடத் தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. கமிட்டி பங்களாவுக்குச் சாப்பிடப் போனது. கூட்டம் கலைந்தது. தேயிலைப் பெட்டிகள் ஏற்றியபடியே இருந்தன.

பின்னேரம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நாகலெட்சுமி வந்தாள். வெறும் கூடையைக் கீழே வைத்தாள். லொறியின் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "கால எடுத்தா போயிரும்" என்றார்.

அவள் லொறியைப் பார்த்தாள். அது சமதரையில் நின்றது. சக்கரங்களுக்கு முன்னால் யாரோ பெரிய கல்லாகப் பார்த்து வைத்தும் இருந்தார்கள். குனிந்து, இரண்டு கையாலும் அவர் காலைப் பிடித்து, பெடலிலிருந்து தூக்கிக் கீழே வைத்தாள்.

விளக்கு அணைந்தது.

"நஸார் மொதலாளி லொறிக்கு ஆள் தேடுறாராம்" என்றாள். "வாங்க, நடந்தே போவோம்."